நான் கெடுத்த சிங்கம்

பாரத மாதாவுக்கு முந்தானை எந்தத் தோளில் வர வேண்டும் என்று ஒரு கூட்டத்தில் அரை நாள் பேசினார்கள். நானும் அங்கே உட்கார்ந்திருந்தேன். இடது தோளில் போட்டால் மார்க்கெட்டுக்குப் போகிற நம்மூர்ப் பொம்பளை மாதிரி இருக்கிறாள், இந்தியா தெரியவில்லை என்றார் ஒருவர். வலது தோளில் முன்பக்கமாகப் போட்டால் வடக்கத்திப் பெண்ணாகிவிடுவாள், நம் சனம் ஒத்துக்கொள்ளாது என்றார் இன்னொருவர். டீ வந்தது, வடை வந்தது, முந்தானை மட்டும் எந்தத் தோளிலும் உட்காரவில்லை. கடைசியில் கல்வித் துறை அதிகாரி என் பக்கம் திரும்பினார். "நீங்களே பாத்து ரெண்டு பக்கமும் தெரியிற மாதிரி பண்ணிடுங்க டீச்சர்."

பண்ணினேன். ஊக்கு குத்திக் குத்தி என் விரல்தான் புண்ணானது.

நான் கடலூரில் ஒரு பெண்கள் பள்ளியில் ஓவிய ஆசிரியை. 2004இல் அங்கே போய்ச் சேர்ந்தேன். வீடு சிதம்பரத்தில். குடியரசு தினத்துக்கு மாவட்டத் தலைநகரில் அணிவகுப்பு நடக்கும். அதில் ஒவ்வொரு துறையும் ஓர் அலங்கார ஊர்தி விடும். டிராக்டர் பெட்டியின் மேல் மூங்கில் கட்டி, தெர்மாகோல் ஒட்டி, அதன்மேல் பிள்ளைகளை வேஷம் கட்டி நிறுத்துவோம். எங்கள் ஊர்தியை யார் தலையில் கட்டுவார்கள்? ஓவிய டீச்சர் தலையில்தான். ஒரு மாதம் செய்வோம். மைதானத்தில் மேடையைத் தாண்டிப் போக நாலு நிமிஷம் ஆகும். மத்தியானத்துக்குள் பிரித்துப் போட்டுவிடுவார்கள். வருஷா வருஷம் தலைப்பு ஒன்றுதான், 'நமது பண்பாடு'.

சேர்ந்த முதல் ஜனவரியில் ஊர்தி கிடையாது. சுனாமி வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, எங்கள் பள்ளிப் பிள்ளைகள் சிலரின் வீடுகளிலேயே சாவு. அடுத்த வருஷம் என்னை வரைபடம் போடச் சொன்னபோது நான் உண்மையிலேயே ஆசையோடு போட்டேன். அன்றைக்கு இருந்த உற்சாகத்தை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. பெட்டி முழுக்க ஒரு பெரிய புள்ளிக்கோலம். அதைச் சுற்றி வாளியும் துடைப்பமுமாகப் பெண்கள். ஒருத்தி சாணி தெளிக்கிறாள், ஒருத்தி குனிந்து இழை இழுக்கிறாள், ஒருத்தி இடுப்பில் கை வைத்து நின்று, எங்கே தப்பு என்று பார்க்கிறாள். அவ்வளவுதான்.

அதிகாரி அந்தத் தாளை ரொம்ப நேரம் பார்த்தார். நல்ல மனிதர்தான், கோபித்துக்கொள்ள மாட்டார். "அழகாத்தான் இருக்கு. ஆனா இதுல தேசியம் எங்க டீச்சர்? மயில் இல்ல, தாமரை இல்ல. ஒரு கோபுரம்கூட இல்லியே?"

மயில் வைத்தேன். தாமரை வைத்தேன். கோபுரம் வைத்தேன். சாணி தெளித்தவள் பரதநாட்டியம் ஆடினாள். இடுப்பில் கை வைத்தவள் இரண்டு பக்கமும் முந்தானை போட்ட பாரத மாதாவானாள். கோலம் மட்டும் ஓரத்தில் ஒரு சாண் அகலத்துக்குத் தப்பித்தது. அந்த ஊர்திக்கு முதல் பரிசு கொடுத்தார்கள். அதோடு என் கதை முடிந்தது.

ஏனென்றால் அதற்குப் பிறகு என்னை விடவில்லை. ஒவ்வொரு வருஷமும் டிசம்பர் பிறந்தால் அலுவலகத்திலிருந்து ஆள் வரும். நானும் செய்வேன். தொப்பி போட்ட ஒரு பிள்ளை, சிலுவை போட்ட ஒரு பிள்ளை, நெற்றியில் பட்டை போட்ட ஒரு பிள்ளை, மூவரும் கை கோர்த்து நிற்க, பின்னால் கோபுரம். அடுத்த வருஷம் அதே மூவர் இடம் மாறி நிற்பார்கள். மயிலைக் கிழக்கே திருப்பினால் புது மயில். தேசியம் என்பது இந்தப் பத்துப் பதினைந்து சாமான்தானா என்று எனக்குள் ஒரு கேள்வி அரித்துக்கொண்டே இருந்தது. யாரிடம் கேட்பது? கேட்டால் பதினாறாவது சாமான் ஒன்றைச் சேர்த்துவிடுவார்கள்.

ஆனால் கை பொல்லாதது, விடாது. எதைச் செய்தாலும் சுத்தமாகச் செய்யும். தெர்மாகோலில் நான் அறுத்த கோபுரத்தைப் பார்த்துவிட்டு, கிட்டே வந்து தட்டிப் பார்த்தவர்கள் உண்டு. பரிசும் வந்துகொண்டே இருந்தது.

எனக்கு வேண்டியிருந்தது பரிசு இல்லை. மாறுதல். சிதம்பரத்துக்கு, அது இல்லாவிட்டால் புவனகிரிக்காவது. கடலூருக்குப் போனபோது என் மகளுக்கு நாலு வயது. காலை ஆறே காலுக்கு நான் பஸ்ஸில் ஏறும்போது தூங்கிக்கொண்டிருப்பாள். புதுச்சத்திரம், ஆலப்பாக்கம், முதுநகர் என்று ஒவ்வொரு நிறுத்தமாக நின்று நின்று அந்த பஸ் போகும். திரும்பி வீட்டுக்குள் நுழையும்போது பிள்ளை சாப்பிட்டு முடித்திருப்பாள். கணவருக்குப் பணிமனையில் காலை ஷிப்ட். பக்கத்து வீட்டு அக்காதான் அவளை எழுப்பி, குளிப்பாட்டி, பள்ளிக்கு அனுப்புவார். அவருக்கு இரண்டு பையன்கள். பின்னல் போட நேரமும் இல்லை, பழக்கமும் இல்லை. அதனால் என் மகளுக்கு ஆறு வாரத்துக்கு ஒரு தடவை முடியைக் கத்தரித்துவிடுவோம். ஒன்றாம் வகுப்பிலிருந்து அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். "எனக்கு எப்பம்மா ரெட்டை ஜடை?"

"அம்மா சிதம்பரம் ஸ்கூலுக்கு வந்ததும்."

அவளிடம் இப்படிச் சொல்லிவிட்டு வந்து, ஊரான் வீட்டுப் பெண்களுக்குச் சவுரி வைத்துப் பின்னி, பூ சுற்றி, பாரத மாதாவாக்கி நிறுத்துவேன். என்ன பிழைப்பு இது என்று எத்தனை தடவை தோன்றியிருக்கும்!

2008 டிசம்பரில் ஆணை வந்தேவிட்டது. புவனகிரி. காகிதத்தைக் கண்ணால் பார்த்தேன். ஆனால் ஆணை வந்தால் மட்டும் போதாது, இங்கிருந்து விடுவிக்க வேண்டும். அதிகாரி கையெடுத்துக் கும்பிட்டார். "ஜனவரி இருபத்தாறு மட்டும் முடிச்சுக் குடுத்துட்டுப் போங்க டீச்சர். ஒங்கள விட்டா எனக்கு யாரு இருக்கா?" அவர் கும்பிட்டதில் நான் இளகிவிட்டேன். முடித்துக் கொடுத்தேன். பிப்ரவரியில் பார்த்தால் புவனகிரி நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். அதிகாரி நிஜமாகவே வருத்தப்பட்டார். அடுத்த டிசம்பரில் ஆள் அனுப்பினார்.

என் கணவர் அதிகம் பேசமாட்டார். 2010 நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகள் பள்ளி ஆண்டு விழா நடனத்தில் தன்னைச் சேர்க்கவில்லை என்று அழுதாள். ஜடை இல்லாத பிள்ளை வரிசையில் ஒட்டாதாம். அவளைச் சமாதானப்படுத்திவிட்டு வந்து அவர் சொன்னார். "நீ நல்லா செய்யிறல்ல, அதான் ஒன்ன விடமாட்டேங்கிறாங்க. ஒரு தடவ சொதப்பிப் பாரு. அவுங்களே பொட்டியக் கட்டி அனுப்பிடுவாங்க."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு அது நெஞ்சில் போய் ஆணியாக இறங்கியது.

அந்த வருஷம் 'சிங்க வாகனத்தில் பாரத மாதா' என்று முடிவானது. சிங்கம் முன்னால், மாதா அதை ஒட்டி நிற்க வேண்டும், பின்னால் வழக்கம் போல் கோபுரம். மாதாவாக ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தியைத் தேர்ந்தெடுத்தேன். முதுநகர்ப் பிள்ளை. அம்மா துறைமுகத்துப் பக்கம் மீன் விற்கிறவர், அப்பா கடலுக்குப் போகிறவர். நல்ல உயரம், அசையாமல் நிற்பாள். அவளிடம் சொன்னேன். மறுநாள் வந்து, "டீச்சர், எங்கம்மா தெரு பூரா சொல்லிட்டாங்க. எல்லாரும் வர்றாங்களாம். பரவால்லயா டீச்சர்?" என்று கேட்டாள்.

"வரட்டும்" என்றேன். அந்த நேரத்தில் என் மனசு வேறெங்கோ இருந்தது.

மோசமாகச் செய்வது ஒன்றும் லேசான வேலை இல்லை. பள்ளிக்கூடத்தில் மத்தியான நேரங்களில் உட்கார்ந்து செய்தேன். கோபுரத்தின் அடுக்குகளைக் கோணலாக ஒட்டிவிட்டுத் திரும்புவேன். பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் என் கையே போய் அதை நேராக்கிக்கொண்டிருக்கும். சீ, விடு என்று கையை இழுத்துக்கொள்வேன். போன வருஷத்து மயிலின் ஒடிந்த கழுத்தில் காகிதத்தைச் சுற்றி அப்படியே வைத்தேன். சாயத்தைத் தண்ணியாகக் கலக்கினேன். சிங்கத்துக்குப் பிடரி வைத்தேன், காது வைத்தேன். முகத்தில் மூக்குத் தண்டை எடுத்துக் கட்டாமல், மோவாயை நீளமாக விட்டுவிட்டேன். சிங்கத்துக்கு அந்த மூக்கும் மோவாயும்தான் எல்லாமே. கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்று எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஒரு பக்கம் மனசுக்குள், பாரு, இப்ப என்ன பண்ணுவீங்க, பாரு என்று ஒரு சந்தோஷமும் இருந்தது. மறைப்பானேன், இருந்தது.

பிள்ளைகளுக்குத் தெரியக் கூடாதென்று சிங்கத்தின் மேல் ஒரு பழைய பெட்ஷீட்டைப் போட்டு மூடியே வைத்திருந்தேன். குடியரசு தினத்தன்று காலையில் மைதானத்துக்குப் பக்கத்தில்தான் எடுத்தேன். அந்தப் பெண் தங்க நிறக் காகிதக் கிரீடத்தோடு, பட்டுப் புடவையோடு, கையில் கொடியோடு பெட்டியின் மேல் ஏறினாள். சிங்கத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"டீச்சர், ஒங்களுக்கு ஒடம்பு சரியில்லையா?"

"ஆமாம்மா" என்றேன். "ஒரு வாரமாவே ஜுரம்."

"பரவால்ல டீச்சர். நான் புடவைய இப்புடி விரிச்சி வச்சிக்கிறேன். பாதி மறைஞ்சிடும்." சொன்னபடியே முந்தானையை இழுத்துச் சிங்கத்தின் கன்னத்துப் பக்கம் விட்டுக்கொண்டாள்.

அப்போதுகூட நேரம் இருந்தது. பையில் பிரஷ் இருந்தது, கறுப்பும் பழுப்பும் இருந்தன. எங்களுக்கு முன்னால் நாலு வண்டி நின்றது. நான் போய் மரத்தடியில் நின்றுகொண்டேன்.

மைதானத்துக்குள் நுழைந்ததும் காற்றடித்து முந்தானை விலகிவிட்டது. ஒலிபெருக்கியில், "இதோ, சிங்க வாகனத்தில் வீறுநடை போட்டு வருகிறாள் நமது பாரதத் தாய்" என்று அறிவித்தார்கள். மதில் மேல் உட்கார்ந்திருந்த பையன்களில் ஒருவன் கத்தினான். "டேய், சிங்கம் இல்லடா, ஆடுடா!" இன்னொருவன் "மே" என்றான். அவ்வளவுதான். ஒரு நிமிஷத்தில் அந்தப் பக்கம் பூராவும் மே, மே என்று கத்துகிறது. பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார்கள். கூட நின்ற பிள்ளைகள், தொப்பி போட்டவளும் சிலுவை போட்டவளும், தலையைக் குனிந்துகொண்டார்கள். பரதநாட்டியம் ஆடியவள் ஆட்டத்தை நிறுத்திவிட்டாள்.

பாரத மாதா மட்டும் நிமிர்ந்து நின்றாள். கொடி துளி சாயவில்லை.

கயிற்றுக்கு இந்தப் பக்கம், எனக்குப் பத்தடி தள்ளி அவளுடைய அம்மா நின்றிருந்தார். தெருவே வந்திருந்தது. வண்டி உள்ளே வந்தபோது புருஷனின் கையைப் பிடித்து உலுக்கினார். "மாமா, நம்ம புள்ளயப் பாரு மாமா! சாமி மாரி இருக்கா பாரு!" சனம் எதற்குச் சிரிக்கிறது என்று அவருக்கு முதலில் புரியவில்லை. அவரும் கூடவே சிரித்தார். பிறகு புரிந்தது. இடுப்பில் புடவையைச் செருகிக்கொண்டு மதிலைப் பார்த்துப் போனார். "எவன்டா அது? எறங்கி வாடா! எம் பொண்ணு நிக்கிறா, கண்ணு தெரியல ஒங்களுக்கு? ஒங்க வூட்டுப் பொம்பளையப் பாத்துச் சிரிங்கடா, போங்கடா!" ஒரு போலீஸ்காரர் வந்து, "வுடும்மா, சின்னப் பசங்கம்மா" என்று அவரைத் திருப்பி அழைத்து வந்தார். அவர் அப்புறம் வண்டியைப் பார்க்கவே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

நான் ஊர்தியைக் கெடுத்தது அதிகாரிக்காக. அதன் மேல் நிற்கப்போகிறது ஏழு பிள்ளைகள் என்பது ஒரு மாதமாக எனக்கு உறைக்கவே இல்லை. சாயம் கலக்கும்போதும் உறைக்கவில்லை, சவுரி வைத்துப் பின்னும்போதும் உறைக்கவில்லை. அந்த நாலு நிமிஷத்தில்தான் உறைத்தது. பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம், விழுங்கவில்லை.

அதிகாரி மறுநாள் கூப்பிட்டார். திட்டுவார் என்று போனேன். அவர் என்னை உட்காரச் சொல்லி, விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டார். "ஒங்களுக்கு வீட்டு டென்ஷன் ஜாஸ்தின்னு நெனைக்கிறேன். நானும் ஒங்கள ரொம்ப இழுத்துப் போட்டுட்டேன். சிதம்பரத்துல ஒரு எடம் காலியாவுது. நானே எழுதுறேன்."

என் கணவர் சொன்னது அப்படியே நடந்தது. பிப்ரவரி கடைசியில் ஆணை வந்தது. மகளுக்கு ஃபோன் போட்டுச் சொன்னபோது, "அப்ப இந்த ஞாயித்துக்கெழம முடி வெட்ட வேணாமா?" என்று கத்தினாள். நானும் சிரித்தேன். ஃபோனை வைத்த பிறகு உடம்பெல்லாம் ஒரே அசதி. ஏழு வருஷம் நின்றுகொண்டே வந்தவளை ஒரே நாளில் உட்காரச் சொன்ன மாதிரி.

இதற்கு நடுவில் ஒரு நாள் அந்த மீன்கார அம்மா பள்ளிக்கு வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்து நானே எழுந்து போனேன். அவர் தணிந்த குரலில், "டீச்சர், அன்னிக்கு போட்டோ புடிச்சாங்களே, அதுல ஒண்ணு வாங்கித் தருவீங்களா? வூட்ல மாட்டணும்" என்றார். "ஒங்களுக்கு ஜுரமாமே, பாப்பா சொன்னா. இப்ப தேவலையா? ஒடம்பப் பாத்துக்குங்க டீச்சர்."

அவர் போனதும் கழிப்பறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

ஸ்டூடியோவில் பெரிய அளவில் ஒரு படம் கழுவி வாங்கினேன். பிள்ளை அற்புதமாக விழுந்திருந்தாள். பக்கத்தில் என் ஆடு. விடுவிப்பு நாளன்று காலை, ஆசிரியர் அறையில் யாரும் இல்லாத நேரம், அந்தப் படத்தை மேஜையில் வைத்து, மெல்லிய பிரஷ்ஷால் சிங்கத்தின் முகத்தைத் திருத்தினேன். மூக்குத் தண்டை எடுத்தேன், மோவாயைக் குறைத்தேன், கண்ணுக்குக் கீழே நிழல் கொடுத்தேன். சாயம் காய்ந்ததும் பார்த்தால் திருத்தின இடமே தெரியவில்லை. சிங்கம் உறுமிக்கொண்டு நின்றது. இதையாவது செய்தோமே என்று எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. வெட்கக்கேடு.

அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். அவள் முகம் மலர்ந்தது. "டீச்சர், சிங்கம்! சிங்கமாவே ஆயிடுச்சு!" படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். விரலால் தொடப் போய், தொடாமல் நிறுத்திக்கொண்டாள். "எவ்ளோ நேரம் ஆச்சு டீச்சர் இதப் போட?"

"அது ஆச்சு, பத்து நிமிஷம்" என்றேன். பேச்சு வாக்கில் வந்துவிட்டது.

அவள் படத்தைக் கீழே இறக்கினாள். சிங்கத்தைப் பார்த்தாள். அன்றைக்கு வண்டி மேலிருந்து பார்த்த மாதிரியே என்னைப் பார்த்தாள்.

"பத்து நிமிஷந்தானா டீச்சர்?"

மணி அடித்தது. வெளியே பிள்ளைகள் ஓடும் சத்தம். அவள் படத்தை நோட்டுக்குள் வைத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். கதவு வரைக்கும் போனவள் திரும்பி வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, பெரிய மனுஷி மாதிரி சொன்னாள்.

"ஒங்களுக்கு ஜுரம்னுதான் எங்கம்மாகிட்ட சொல்லியிருக்கேன். அது அப்புடியே இருக்கட்டும் டீச்சர்."